வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

மகளுக்கு வீடு பார்க்க பெங்களூரு போயிருந்தேன். அவள் கல்லூரி ஹாஸ்டலில் முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இரண்டாம் வருஷம் வந்ததும், அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து ஒரு வீட்டின் மாடி போர்ஷனை வாடகைக்கு எடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். "நீ வந்து ஒரு தடவை பார்த்துட்டு ஓகே சொல்லும்மா" என்றாள்.

பார்த்தேன். ஒரு அம்மாவாக என்னவெல்லாம் பார்க்க வேண்டுமோ, அத்தனையும் பார்த்தேன். கேட்டுக்குப் பூட்டு இருக்கிறதா, மாடிப்படியில் கேமரா இருக்கிறதா, தெருவில் விளக்கு எரிகிறதா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், காவிரித் தண்ணீரா போர் தண்ணீரா, கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள்... எல்லாவற்றையும் விசாரித்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்ததும் சுடச்சுட வெந்நீர் கொட்டியது. "கரன்ட் பில்லே ஏறாது மேடம், கேஸ்ல ஓடுது. கரன்ட் போனாலும் வெந்நீர் வரும்" என்றார் வீட்டுக்காரர். பரவாயில்லையே, குளிர் ஊரில் பிள்ளைகளுக்கு வசதிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே, குளிக்கும் இடத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தால் சரியாகும் தலைவலி

நவம்பரில் பெங்களூரில் குளிர் ஆரம்பித்தது. மகள் போனில் பேசும்போதெல்லாம் "தலைவலிம்மா" என்றாள். காலையில்தான் வருகிறது, காலேஜ் போய் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது என்றாள். ராத்திரி போன் பார்ப்பதைக் குறை, காலையில் சாப்பிடாமல் ஓடாதே, தலையைத் துவட்டாமல் கிளம்பாதே என்று எனக்குத் தெரிந்த எல்லா வைத்தியமும் சொன்னேன். கண் டாக்டரிடம் போனாள். பவர் கூடவில்லை என்று சொல்லிவிட்டார். கூட இருந்த பெண்ணுக்கும் அவ்வப்போது குமட்டலும் தலைச்சுற்றலும் இருந்தன. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்தாள்.

கிறிஸ்துமஸ் லீவில் மகள் ஊருக்கு வந்தாள். பத்து நாள் இருந்தாள். ஒரு நாள்கூடத் தலைவலி இல்லை. "பார்த்தியா, வீட்டுச் சாப்பாடு" என்று பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. அந்த இடத்தில் இருந்தால் தலைவலி, அந்த இடத்தை விட்டு வந்தால் இல்லை. அதைவிடப் பெரிய எச்சரிக்கையை அவள் உடம்பு எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

ஜனவரியில் ஒரு நாள் காலை. எட்டு மணி பஸ்ஸுக்கு மூன்று பேரும் வரிசையாகக் குளித்தார்கள். கடைசியாகப் போன பெண் வரவேயில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்து தாழ்ப்பாளை உடைத்தபோது, அவள் தரையில் நினைவில்லாமல் கிடந்தாள். கீசர் எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஆனால் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "குளிச்ச பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கா?" என்பதுதான். ரத்தப் பரிசோதனை, முகமூடி வைத்துப் பல மணி நேரம் ஆக்சிஜன். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். தாழ்ப்பாளை உடைக்க இன்னும் சில நிமிஷம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுடைய அம்மாவும் நானும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

மூக்குக்குத் தெரியாத விஷம்

கேஸ் என்றால் நம் மூக்கை நம்பிப் பழகிவிட்டோம். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும், உடனே ஜன்னலைத் திறப்போம். உண்மையில் சமையல் கேஸுக்கு இயல்பாக அந்த நாற்றம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த கேஸ் எரிந்துவிட்டால் நாற்றமும் போய்விடும். சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. அது அறைக்குள் நிறைவதை எந்தப் புலனாலும் கண்டுபிடிக்க முடியாது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாலும், மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், கால் தள்ளாட்டம், குழப்பம். எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் வரும்போது கை கால் ஒத்துழைக்காது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் ஆக்சிஜன் உள்ள ரத்தத்துக்கும் அந்தச் சின்னக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆபத்தான நிலையில் இருப்பவருக்கும் 97, 98 என்று காட்டும்.

கேஸ் கீசர் ஏன் இவ்வளவு ஆபத்து? குழாயைத் திறந்தவுடன் பேட்டரிப் பொறியில் பற்றிக்கொள்ளும் அந்த நெருப்பு, நம் அடுப்பின் பெரிய பர்னர்கள் நாலைந்தை ஒரே நேரத்தில் ஏற்றியதற்கு ஏறக்குறையச் சமம். சமையலறையில் அத்தனை அடுப்பையும் கதவு, ஜன்னல் சாத்தி எரிக்க நாம் விடுவோமா? ஐந்துக்கு ஆறடி பாத்ரூமில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதைத்தான் செய்கிறோம். சின்ன கீசர்கள் பலவற்றில் புகைபோக்கியும் கிடையாது. எரிந்த காற்று அதே அறைக்குள்தான் வரும். நெருப்பு அறையின் ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, எரிவது அரைகுறையாகும். அரைகுறையாக எரிய எரிய, விஷவாயு கூடும்.

இந்தியாவில் இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த அபூர்வ விபத்து இல்லை. நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பாத்ரூமில் மயங்கி விழுந்தவர்களுக்கும், குளிக்கும்போது வலிப்பு வந்தவர்களுக்கும் உண்மையான காரணம் தெரியாமல், வலிப்பு நோய் என்றே நினைத்துவிடுவதும் உண்டு.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே"

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆடிப்போய்விட்டார். "அஞ்சு வருஷமா பசங்க இருந்தாங்க மேடம், ஒண்ணும் ஆகலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. பிறகு நான் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பாத்ரூமில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஒரு வென்டிலேட்டர் இருந்தது. எதிரே புதிதாக ஒரு மாடி வீடு எழும்பியதால், நம் பெண்கள் அதை உள்பக்கமாக அட்டை வைத்து டேப் ஒட்டி மூடிவிட்டார்கள். வயசுப் பெண்கள், வேறு என்ன செய்வார்கள்? குளிர் காற்றும் வராமல் போனது கூடுதல் வசதி. எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேராகி ரொம்ப நாளாகியிருந்தது. அதோடு மூன்று பேரும் அடுத்தடுத்துக் குளிக்கிறார்கள். முதல் ஆள் குளித்த காற்று வெளியே போகும் முன்பே இரண்டாவது ஆள் போகிறாள். மூன்றாவதாகப் போகிறவளுக்கு முன் இரண்டு பேர் குளித்த விஷமும் காத்திருக்கிறது. அன்று விழுந்தது கடைசியாகப் போனவள் என்பது தற்செயல் இல்லை.

ஒரு குடும்பத்தில் யாராவது ஒருவர் இதையெல்லாம் கவனித்துவிடுவார். மாணவர்கள் தங்கும் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கீசரை மாட்டியவர் வேறு, வாடகை வாங்குகிறவர் வேறு, ஜன்னலை மூடியவர்கள் வேறு. சர்வீஸ் யார் செய்வது என்று கேட்டால், அவரவர் அடுத்தவரைக் காட்டுவார்கள். அதனால்தான் வீடு பார்க்கப் போகும் அன்றே நாம் கேட்டுவிட வேண்டும்.

என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்

முதல் கேள்வி: வெந்நீர் எதில் காய்கிறது? எலெக்ட்ரிக் கீசர், சோலார் என்றால் இந்த வாயுவைப் பற்றிய கவலை இல்லை. கேஸ் என்றால், கீசர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அது பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான பால்கனியிலோ யுடிலிட்டியிலோ இருக்க வேண்டும். அங்கிருந்து பைப்பில் வெந்நீர் மட்டும் உள்ளே வர வேண்டும். வெளியே இருந்தாலும், பாத்ரூம் ஜன்னலுக்கோ படுக்கையறை ஜன்னலுக்கோ நேர் கீழே இருக்கக் கூடாது. புகை அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.

பாத்ரூமுக்குள் இருந்தால், "மாற்றிக் கொடுத்தால்தான் அட்வான்ஸ்" என்று சொல்லுங்கள். "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டா போதும்" என்பார்கள். போதாது. டிசம்பர் குளிரில் யாரும் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்க மாட்டார்கள். 20 நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும் மாடல் என்பார்கள். அதற்கு முன்பே மயக்கம் வரலாம். அணைந்ததும் மறுபடி குழாயைத் திறப்பதை யாரும் தடுக்கப்போவதும் இல்லை.

ஏற்கெனவே அப்படியொரு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், கீசரை மாற்றும் வரை இதையாவது செய்ய வேண்டும். கீசரைப் போட்டு வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். கீசரை அணைத்து, காற்று மாற நேரம் கொடுத்த பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். கீசர் ஓடும்போது பாத்ரூமுக்குள் இருக்கவே கூடாது. நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, கீசரின் மேல்பக்கத்திலோ சுவரிலோ கரி படிந்திருந்தாலோ அதைத் தொடவே வேண்டாம். சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஆனால் நீலமாக எரிகிறது என்பதற்காக ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேஸ் கசிவு அலாரம் வேறு, புகை அலாரம் வேறு, இது வேறு. மற்ற இரண்டும் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. இஎன் 50291 அல்லது யுஎல் 2034 என்ற தர எண் கருவியில் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் கெடும் என்பதால் பாத்ரூமுக்குள் வைக்காமல், தூங்கும் அறையில் வையுங்கள். வாரம் ஒரு முறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். அதற்கும் ஆயுள் உண்டு. காலாவதியாகும் வருஷம் பின்னால் போட்டிருக்கும். அதே நேரம், அலாரம் இருக்கிறதே என்று கீசரைப் பாத்ரூமிலேயே விட்டுவைக்கக் கூடாது.

கரி அடுப்பும் இதே கதைதான்

கேஸ் கீசர் இல்லாத ஊரிலும் இந்த வாயு வரும். டெல்லியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அங்கே குளிர்காலத்தில் 'அங்கீட்டி' என்ற கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, விடியும்போது பிணமாகக் கிடந்தவர்களைப் பற்றிய செய்தி வருஷம் தவறாமல் வருகிறது. ஊட்டி, கொடைக்கானலில் படிக்கும் பிள்ளைகளுக்கும், அங்கே டூர் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வெளியே பார்பிக்யூ முடிந்த பிறகு, கதகதப்பாக இருக்கட்டும் என்று கரியை அறைக்குள்ளோ டென்டுக்குள்ளோ கொண்டுவராதீர்கள். புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனலும் கரிதான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக வெளிவிடுவதும் அந்தக் கனல்தான். பால்கனியில் ஓடும் ஜெனரேட்டருக்கும் இது பொருந்தும்.

வெளிநாடு போகும் பிள்ளைகளும் கேட்டுப் பழக வேண்டும். இங்கிலாந்தில், வீட்டு உரிமையாளர் கேஸ் சாதனங்களை ஆண்டுதோறும் பதிவு பெற்ற இன்ஜினீயரை வைத்துச் சோதித்து, அந்தச் சான்றிதழின் நகலைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும் என்பது சட்டம். கேஸ் பாய்லர் போன்றவை உள்ள அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயம். குடிபோகும் முன் இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது மாணவர்களின் உரிமை.

தென்கொரியாவில் 2018 டிசம்பரில் நடந்ததை மறக்க முடியாது. கல்லூரி நுழைவுத் தேர்வை முடித்த சந்தோஷத்தில், பள்ளி மாணவர்கள் 10 பேர் கங்னுங் என்ற கடற்கரை ஊருக்குப் போய் ஒரு விடுதியில் தங்கினார்கள். பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விலகியிருந்தது. அலாரம் கிடையாது. 3 மாணவர்கள் இறந்துவிட்டார்கள், 7 பேர் ஆபத்தான நிலையில் காப்பாற்றப்பட்டார்கள். அதன் பிறகுதான் கேஸ் பாய்லருடன் அலாரமும் வைக்க வேண்டும் என்று அங்கே கட்டாயமாக்கினார்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் தரவில்லை என்றால் யோசிக்காதீர்கள், கதவை உடையுங்கள். கேஸ் சிலிண்டரை வெளியிலேயே மூட முடிந்தால் மூடிவிடுங்கள். உள்ளே போய் நின்று தண்ணீர் தெளிக்காதீர்கள். அந்தக் காற்று உங்களையும் வீழ்த்தும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள். 108-க்கு போன் செய்யுங்கள், வேறு மாநிலம் என்றால் 112 எங்கும் வேலை செய்யும். மூச்சு இல்லை என்றால், தெரிந்தவர் உடனே சிபிஆர் தொடங்க வேண்டும்.

டாக்டரிடம் "மயங்கி விழுந்துட்டா" என்று மட்டும் சொல்லாமல், "கேஸ் கீசர் ஓடிய பாத்ரூமில் மயங்கி விழுந்தாள்" என்று சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சாதாரணக் காற்றில் இருந்தால், ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால், சுமார் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கும். அதனால், கண் விழித்துவிட்டாள், நல்லாயிருக்கிறாள் என்று வீட்டிலேயே படுக்க வைக்கக் கூடாது. சில நாள், சில வாரம் கழித்துக்கூட மறதி, கவனக்குறைவு, நடையில் தடுமாற்றம் வரலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு, மூன்று பேருக்கு ஒரே சமயத்தில், காய்ச்சல் இல்லாமல் தலைவலியும் குமட்டலும் வந்தால், சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றைச் சந்தேகியுங்கள். வெளியே போனால் சரியாகிறது என்றால் இன்னும் சந்தேகியுங்கள்.

அந்த மாடி வீட்டில்தான் மகளும் தோழிகளும் இன்னும் இருக்கிறார்கள். கீசர் பின்பக்க பால்கனிக்குப் போய்விட்டது. ஒரு பிளம்பருக்கு ஒரு நாள் வேலைதான். செலவில் பாதியை வீட்டுக்காரர் கொடுத்தார், மீதியை நாங்கள் மூன்று வீட்டாரும் பகிர்ந்துகொண்டோம். அந்தத் தொகையைக் கையில் எண்ணிக் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜூலையிலேயே கேட்டிருந்தால் செய்துகொடுத்திருப்பார். நான்தான் கேட்கவில்லை.

பிள்ளைகளிடம் தினமும் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். இன்று அதோடு இன்னொன்றும் கேளுங்கள். "உங்க பாத்ரூம்ல வெந்நீர் எதுல வருது? ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு." அந்தப் படத்தில் குளிக்கும் இடத்துக்கு மேலே ஒரு கேஸ் கீசர் தெரிந்தால், வீட்டுக்காரருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்.